எலி கிழித்த கோடு

"கேட்டைத் திற, மாப்ளே."

"முடியாது, அத்தை."

மாமியார் கசில்தா தலையில் முடி சுருட்டும் பன்னிரண்டு ரோலர்களோடும் இடுப்பில் ஒரு கூடை அழுக்குத் துணியோடும் நின்றிருந்தாள். மகளைக் கட்டிக்கொடுத்த இந்தப் பதினோரு வருஷத்தில் மருமகன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து அவள் கேட்டதே இல்லை. காதை மறைத்துக்கொண்டிருந்த ரோலரைச் சற்று மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"என்ன சொன்னே?"

"முடியாதுன்னேன். இன்னிக்கி எல்லாமே கேட்டோட சரி. உள்ள யாரும் வரக் கூடாது."

"துணி துவைக்கத்தானே வந்திருக்கேன்! சனிக்கிழமை சனிக்கிழமை வர்றதுதானே! உங்க மிஷின் என்ன, தேஞ்சா போயிரும்?"

"முடியாது, அத்தை," என்றான் எலிஹியோ, மூன்றாவது தடவையாக. குரல் உறுதியாகத்தான் வந்தது. முழங்கால்தான் ஆடியது. நல்லவேளையாக அந்தக் கேட்டின் கீழ்ப்பாதி தகரம், மேல்பாதிதான் கம்பி. முழங்கால் விஷயம் வெளியே தெரியவில்லை.

எலிஹியோவை, ஸ்பானிஷ் பேசும் அந்த யாக்வா கடற்கரையில் யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எலி என்றால்தான் தெரியும். சுவிட்சர்லாந்துக்கார உர்சுலா அம்மாள் நடத்தும் விருந்தினர் விடுதிக்கு அவன்தான் காவல், தோட்டம், குழாய் ரிப்பேர், எல்லாம். அவன் மனைவி யுதெல்கா அங்கே சமையல். விடுதிக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைதான் இருவருக்கும் வீடு.

அடுத்தவர் கிழித்த கோட்டைத் தாண்டாமலே நாற்பத்தைந்து வயதை எட்டிவிட்ட மனிதன் அவன். யார் எதைக் கேட்டாலும் சரி என்பான். அந்தத் தாராளத்தில் தெருவே விடுதிக்குள் குடிவந்துவிட்டது. தெருவுக்கு ஐஸ் அங்கேதான், இன்டர்நெட் அங்கேதான், துணி துவைப்பது அங்கேதான். டாமினோ ஆடும் நால்வருக்கு மேசை போட்டிருக்கும் மாமர நிழலும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை நீச்சல் குளத்தில் விருந்தாளிக்கு இடம் கிடைத்தால் அது அவருடைய அதிர்ஷ்டம்.

உர்சுலா அம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அம்மாளுக்கு ஸ்பானிஷ் வராது, எலிக்கு ஜெர்மன் வராது, ஆகவே இருவரும் இங்கிலீஷைப் பிடித்து வைத்துக்கொண்டு பாடாய்ப் படுத்துவது வழக்கம்.

"சனிக்கிழமை மூன்று மணிக்கு எட்டு விருந்தாளிகள். நான் பல் வைத்தியத்துக்கு சந்தியாகோ நகரத்துக்குப் போகிறேன். எல்லாம் நன்றாக நடந்தால் நீ மேனேஜர். திரும்பவும் தெருவைக் கொண்டுவந்து என் வீட்டுக்குள் வைத்தாயானால், பின்னால் உள்ள அறைக்கு நான் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும்."

எலிக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. மேனேஜர் ஆவது கிடக்கட்டும். அந்த ஒற்றை அறை போனால் யுதெல்காவை அழைத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மாள் கிளம்பிப் போனார். சாயங்காலம் அவரிடமிருந்து செய்தி வந்தது.

'எலிஹியோ, சனிக்கிழமை மத்தியானத்துக்குள் டிரா த லைன் அட் த கேட். மிகவும் முக்கியம்.'

வேறொரு ஆளாக இருந்தால் விழித்திருப்பான். எலி துள்ளிக் குதித்தான். காரணம் இருக்கிறது. இங்கிலீஷில் அவன் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல. ஒருமுறை கனத்த பெட்டியோடு இறங்கிய ஒரு பெண்மணி, "எனக்கு ஒரு கை கொடு" என்றாள். எலி அவள் கையைப் பிடித்து அன்போடு குலுக்கிவிட்டு உள்ளே போய்விட்டான். இன்னொருவர் சிரித்துக்கொண்டே, "சும்மா உன் காலை இழுத்துப் பார்த்தேன்" என்றார். அவர் ஊருக்குப் போகும்வரை எலி அவரிடமிருந்து இரண்டடி தள்ளியே நின்றான். மழை நாளொன்றில், நாயும் பூனையுமாகக் கொட்டுகிறது என்று யாரோ சொல்ல, குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தவன் அவன். உர்சுலா அம்மாள் சிரித்த சிரிப்பில் அவருடைய ஆடும் பல் அன்றைக்குத்தான் முதலில் ஆடியது.

அதற்குப் பிறகுதான் மாதா கோயில் மண்டபத்தில் ஃபியோர்தலிசா டீச்சர் நடத்தும் மாலை வகுப்பில் சேர்ந்தான். டீச்சர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"இங்கிலீஷ்காரன் சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க. அவன் சொல்றது ஒண்ணு, அர்த்தம் வேற ஒண்ணு. உள்ள பூந்து பாக்கணும்."

வியாழக்கிழமை வகுப்பில் நடத்தியது, எது தெரியுமா? இதே வாக்கியம். டிரா த லைன். "நல்லாக் கேட்டுக்குங்க, இதுல கோடும் கிடையாது, வரையறதும் கிடையாது. இதுவரைக்கும்தான், இதுக்கு மேல ஒரு அடி வரக் கூடாதுன்னு அர்த்தம்" என்று டீச்சர் மேசையில் தட்டித் தட்டிச் சொன்னாள். எலி அதை இருபது தடவை நோட்டில் எழுதியிருந்தான். வியாழக்கிழமை படித்த பாடம் வெள்ளிக்கிழமை பரீட்சையில் வந்தால் யாருக்குத்தான் உடம்பு புல்லரிக்காது!

ஆக, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எலி கேட்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றான்.

"அப்படியா சேதி!" என்றாள் மாமியார். எதிரே மளிகைக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து கேட்டுக்கு நேர் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். "என் தலை காயறவரைக்கும் இங்கதான். போறவங்க வர்றவங்க எல்லாம் பாக்கட்டும், நான் மருமகன் வீட்டு வாசல்ல கிடக்கிற லட்சணத்தை!"

போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். பார்த்தவர்கள் போகவில்லை.

பத்து மணிக்கு டாமினோ ஆட்டக்காரர்கள் நால்வரும் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் நிக்கோமேதெஸ், இன்னும் சார்ஜென்ட் என்றுதான் கூப்பிட வேண்டும்.

"தள்ளு எலி, நிழல் போயிரப் போவுது."

"முடியாது, சார்ஜென்ட்."

எதிர் மளிகைக்கடை வாசலில் வாழைக்காய் அடுக்கிக்கொண்டிருந்த கடைக்காரர் ரதமேஸ் அதைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "என்னது, என்னது? எலியா பேசறது?"

"எங்க மேசை உள்ள இருக்குய்யா!" என்றார் சார்ஜென்ட்.

அது நியாயம்தான் என்று எலிக்குப் பட்டது. மேசையைத் தூக்கி கேட்டுக்கு மேலாக வெளியே இறக்கிக் கொடுத்தான். பிரச்சினை தீர்ந்தது என்று கையைத் தட்டிக்கொண்டான். ஆனால் அந்த நேரத்தில் மாமர நிழலில் பாதி மதிலைத் தாண்டித் தெருவின் நட்டநடுவில்தான் விழும். சார்ஜென்ட் மேசையை நட்டநடுவில்தான் போட்டார். ஆட்டம் தொடங்கியது, தெரு நின்றது.

கால் மணி நேரத்தில் தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. விடுதித் தொட்டிக்கு நீர் நிரப்ப வந்த பிளாசிதோ எட்டிப் பார்த்துக் கத்தினான்.

"மேசையை எடுங்கய்யா!"

"கையில நல்ல காய் இருக்கு. எடுக்க முடியாது," என்றார் சார்ஜென்ட், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

எலிக்குச் சட்டென்று ஒரு யோசனை. "பிளாசிதோ, நீ அங்கயே நில்லு. குழாயை மட்டும் கம்பி வழியா உள்ள நீட்டு, நான் தொட்டியில விட்டுக்கறேன். நீ உள்ள வர வேண்டாம்."

பிளாசிதோ இறங்கி வந்தான். முகம் வாடிவிட்டது. "நான் உள்ள வர வேண்டாமா? எலி, பதினோரு வருஷமா யுதெல்கா கையால காபி குடிச்சிட்டுத்தானே குழாயையே திறப்பேன்?"

"முடியாது, பிளாசிதோ. கேட்டோட சரி."

"அவுட்!" என்று கத்தினார் ரதமேஸ். பேஸ்பால் ஆட்டத்தில் நடுவர் காட்டுவதுபோல் கட்டை விரலையும் தூக்கிக் காட்டினார். கூட்டம் சிரித்தது.

பிளாசிதோவுக்கு அது பொறுக்கவில்லை. "அப்படின்னா என் தண்ணியும் லாரியோட சரி!" என்று சொல்லி இன்ஜினை அணைத்தான். குழாயைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டு, "யாருக்கு வேணும், வாங்க! விடுதியைத் தவிர எல்லாருக்கும் உண்டு!" என்று கூவினான். ஒரு வாரமாகக் குழாயில் சொட்டுக்கூட வராத தெரு அது. பக்கெட், குடம், குழந்தைகளைக் குளிப்பாட்டும் தொட்டி, எல்லாம் எடுத்துக்கொண்டு சனம் ஓடிவந்தது. லாரிக்குப் பின்னால் ஒரு மினி பஸ் வந்து மாட்டியது. அதிலிருந்த பதினெட்டுப் பேரும் இறங்கி, என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

"எலி முடியாதுன்னு சொல்றான்!" என்றார்கள்.

"எந்த எலி? நம்ம எலியா?"

"சத்தியமா!"

பதினெட்டுப் பேரும் பஸ்ஸை மறந்துவிட்டு முன்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

அப்போதுதான் யுதெல்கா சந்தையிலிருந்து வந்தாள். கையில் இரண்டு பெரிய மீன், பின்னால் அவளுடைய சித்திமார் இருவர், அவர்கள் தலையில் வாழைக்காயும் மரவள்ளிக் கிழங்கும்.

"என்னய்யா கூட்டம்? ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. நீ உள்ள வா, யுதெல்கா. சித்திங்க மட்டும்..." எலி எச்சிலை விழுங்கினான். "சித்திங்க வேண்டாம்."

"வேண்டாம்னா? எட்டுப் பேருக்கு மீன் யாரு கழுவறது, உங்க அப்பனா?"

"உர்சுலா அம்மா கோடு போடச் சொல்லியிருக்காங்க. கோடுன்னா கோடு இல்ல. இங்கிலீஷ்ல கோடுன்னா வேற. உனக்குச் சொன்னா புரியாது."

சொல்லக் கூடாத வார்த்தை அதுதான். யுதெல்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்குப் புரியாதா? சரி. உன் கோட்டுக்கு அந்தப் பக்கம் நீயே இரு. நீயே மீன் வறு, நீயே தின்னு."

நேரே போய்த் தன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமியார் வெற்றியோடு ரோலர் ஒன்றைக் கழற்றினாள். சித்திமார் ரதமேஸ் கடையிலிருந்து ஒரு கரியடுப்பை வாங்கித் தெருவிலேயே பற்ற வைத்தார்கள். மீனை என்ன செய்வது, வெயிலில் கெட்டுப்போகுமே.

எலிக்கு மாமியாரைத் தடுத்ததில் வருத்தமில்லை, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ஜாலியாகக்கூட இருந்தது. யுதெல்கா முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் வலித்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வருஷமாக அவன் நெஞ்சுக்குள் சுருண்டு கிடந்த ஏதோ ஒன்று இன்றைக்கு எழுந்து உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு 'முடியாது'க்கும் அது ஓர் அங்குலம் வளர்ந்தது. முழங்கால் ஆடுவது எப்போது நின்றது என்று அவனுக்கே தெரியவில்லை.

ரதமேஸ் கடையின் பெரிய ஸ்பீக்கரைத் தூக்கி வாசலில் வைத்தார். மெரெங்கே ஆட்டப் பாட்டு அலறியது. ஐஸ் கேட்டு வந்தவளுக்கு முடியாது. அவுட்! போனுக்கு சார்ஜ் போட வந்தவனுக்கு முடியாது. அவுட்! மோட்டார் சைக்கிளை உள்ளே நிறுத்த வந்தவன் கேட்பதற்கு முன்னாலேயே முடியாது. அவுட், அவுட்! கூட்டம் எம்பி எம்பிக் குதித்தது. பக்கத்துத் தெருக்காரர்கள், தங்களுக்கு எதுவும் வேண்டாம், சும்மா ஒருமுறை 'முடியாது' வாங்கிக்கொண்டு போகலாம் என்று வரிசையில் வந்து நின்றார்கள்.

திடீரென்று பாட்டு நின்றது. கூட்டம் விலகி வழிவிட்டது. ஃபாதர் அன்செல்மோ வந்துகொண்டிருந்தார்.

"எலி, என் பிள்ளே," என்றார் ஃபாதர். "நாளைக்கு ஞானஸ்நானம் இருக்கு. வழக்கம்போல அந்த இருபது நாற்காலி."

கசில்தா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். எலி கம்பியை இறுகப் பிடித்தான். தனக்குத் திருமணம் செய்துவைத்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியாமல், அவருடைய செருப்பைப் பார்த்துச் சொன்னான்.

"முடியாது, ஃபாதர்."

ரதமேஸுக்குக்கூட வாய் வரவில்லை. கடைசியில் ஃபாதரேதான் மெதுவாகக் கட்டை விரலைத் தூக்கினார்.

"அவுட்டா நானு?"

தெரு அதிர்ந்தது. முகம் தெரியாதவர்கள் எல்லாம் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். மாமியார் முதன்முறையாக மகளிடம் குனிந்து கேட்டாள்: "ஏண்டி, உன்னைக் கட்டினவன் இவன்தானா? எதுக்கும் ஒருதரம் நல்லாப் பாத்துக்க."

யுதெல்கா நன்றாகவே பார்த்தாள்.

ஒரு மணிக்கு ஃபியோர்தலிசா டீச்சர் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்தாள். எலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"டீச்சர்! நீங்களே சொல்லுங்க. நான் பண்றது சரியா?" கம்பி வழியாகப் போனை நீட்டினான்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்தியை உரக்க வாசித்தாள். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அதில் ஈரம் தெரிந்தது.

"பாத்துக்குங்க எல்லாரும்! அட் த கேட்! எல்லை எதுன்னு எவ்வளவு அழகா சொல்லியிருக்காங்க! வியாழக்கிழமை நான் நடத்தினது, சனிக்கிழமை நடைமுறையில! எலிஹியோ, நூத்துக்கு நூறு!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சரி, திற. உங்க இன்டர்நெட்டுல பரீட்சைத் தாள் ஒண்ணு அனுப்பணும். ரெண்டே நிமிஷம்."

எலி அசையவில்லை.

"முடியாது, டீச்சர்."

"டேய்! நான் கத்துக்குடுத்த வார்த்தையை என்கிட்டயே காட்டறியா?"

"டீச்சர்னா மட்டும் விடலாம்னு நீங்க நடத்தலையே."

"அவுட்!" என்று முந்நூறு தொண்டைகள் கத்தின. டீச்சருக்கு முகம் சிவந்தது. "தொண்ணூத்தெட்டு! ரெண்டு மார்க் கொறைச்சாச்சு!" என்று சொல்லிவிட்டு மாமியாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு தட்டில் வறுத்த வாழைக்காய் வந்தது.

இரண்டரை மணிக்குத்தான் எலி திரும்பி விடுதியைப் பார்த்தான். பார்த்ததும் காலையிலிருந்து ஏறியிருந்த போதை சர்ரென்று இறங்கியது. தொட்டி காலி. குழாயைத் திருகினால் காற்று வந்தது. அடுப்பு சில்லென்று கிடந்தது. எட்டுக் கட்டில்களும் விரிப்பில்லாமல் கிடந்தன. முந்தாநாள் துவைக்கப் போட்ட விரிப்புகளெல்லாம் தண்ணீருக்காகக் காத்திருந்தன. இன்னும் அரை மணி நேரத்தில் எட்டு விருந்தாளிகள். அறை போகும், வேலை போகும். யுதெல்கா ஏற்கெனவே பாதி போய்விட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கேட்டுக்கு ஓடினான். சாவியைப் போட்டுத் திருகித் தள்ளினான். கேட் வெளிப்பக்கம் திறப்பது. வெளியே மாமியாரின் நாற்காலி இருந்தது, அதன்மேல் மாமியார் இருந்தாள்.

"அத்தை, எழுந்திரிங்க! எல்லாரும் உள்ள வாங்க! துவைக்கலாம், குடிக்கலாம், இன்டர்நெட் பாக்கலாம்! பிளாசிதோ, காபி போடறேன்! சார்ஜென்ட், வாங்க!"

கூட்டம் அவனைப் பார்த்தது. பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. மாமியார் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டாள்.

"முடியாது, மாப்ளே."

"முடியாது," என்றார் சார்ஜென்ட்.

"முடியாதுப்பா," என்றான் பிளாசிதோ. "எங்களுக்கும் கோடு போடத் தெரியும்."

"அவுட்!" என்றார் ரதமேஸ், மிகுந்த வருத்தத்தோடு.

"யுதெல்கா..." என்றான் எலி.

அவள் எழுந்து வந்தாள். கம்பி வழியாக ஒரு மீன் துண்டை நீட்டினாள். "காலையிலேருந்து ஒண்ணும் தின்னலையே, தின்னு. ஆனா நான் உள்ள வர மாட்டேன். எனக்குப் புரியற மாதிரி ஒருதரம் மன்னிப்புக் கேளு, அப்புறம் பாக்கலாம்."

அவன் வாய் நிறைய மீனோடு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் விருந்தாளிகளின் வேன் வந்து நின்றது. அதற்கு மேல் வர வழியில்லை. சிவந்த முகங்களோடு எட்டுப் பேர் பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். எலி கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்தபோது கண்ட காட்சியை அவனால் நம்ப முடியவில்லை. வெயிலில் வெந்து வந்தவர்கள் மேல் பிளாசிதோ தண்ணீரைப் பீய்ச்சினான். அவர்கள் கத்திக்கொண்டே இன்னும் கிட்டப் போனார்கள். சித்திமார் கையில் தட்டைத் திணித்தார்கள். நெட்டையான கிழவர் ஒருவர் கசில்தாவைக் கையைப் பிடித்து எழுப்பி ஆட ஆரம்பித்தார். மிச்சமிருந்த ரோலர்கள் நாலாபக்கமும் தெறித்தன. ஒரு மூதாட்டி டாமினோ மேசையில் உட்கார்ந்து மூன்றே ஆட்டத்தில் சார்ஜென்ட்டைத் தோற்கடித்தாள். சார்ஜென்ட் எழுந்து நின்று அவளுக்கு சல்யூட் அடித்தார்.

"அறைக்கு வர்றீங்களா?" என்று எலி கம்பிக்குள்ளிருந்து இங்கிலீஷில் கேட்டான்.

"முடியாது!" என்றார்கள் எட்டுப் பேரும். ரதமேஸ் அவர்களுக்கு அந்த ஒரு சொல்லை முதலிலேயே கற்றுக்கொடுத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் உர்சுலா அம்மாள் டாக்சியிலிருந்து இறங்கினார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. வீட்டுக்குள் இருக்கக் கூடாத தெரு முழுதும் வெளியே இருந்தது. வீட்டுக்குள் இருக்க வேண்டிய விருந்தாளிகளும் வெளியே இருந்தார்கள். உள்ளே எலி ஒருவன்தான், சிறையில் இருப்பவனைப்போல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. அம்மாள் மெதுவாக நடந்து கேட்டருகே வந்தார். யுதெல்கா சட்டென்று நகர்ந்து கணவனுக்கு முன்னால் நின்றுகொண்டாள், இடையில் கேட் இருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல். திட்டுவதானால் முதலில் என்னைத் திட்டு என்பதுபோல் நின்றாள்.

"உர்சுலா!" என்று மாமியாரைச் சுழற்றிக்கொண்டே நெட்டைக் கிழவர் கத்தினார். "முப்பது வருஷமாக ஊர் சுற்றுகிறோம், இப்படி ஒரு வரவேற்பை யாரும் கொடுத்ததில்லை! ஊரையே கூட்டியிருக்கிறாயே! அடுத்த வருஷமும் இங்கேதான், இப்போதே எழுதிக்கொள்!"

அம்மாள் விருந்தாளிகளைப் பார்த்தார். காலியாக, ஓர் ஈரக்கால் தடம்கூட இல்லாமல் பளிச்சென்று கிடந்த தன் முற்றத்தைப் பார்த்தார். மரத்துப்போன வாய் ஒரு பக்கமாக விரிந்தது. அது சிரிப்பு என்று புரிந்துகொள்ள எலிக்கு நேரம் பிடித்தது.

"எலிஹியோ, திங்கட்கிழமையிலிருந்து நீதான் மேனேஜர்."

டீச்சர் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் தெரு ஓவென்று எழுந்தது. பிளாசிதோ ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். மாமியார் நாற்காலியைத் தானே தூக்கி ஒதுக்கிப் போட்டாள். யுதெல்கா கேட்டை இழுத்துத் திறந்து, அத்தனை பேர் பார்க்க, புருஷனைக் கட்டிக்கொண்டாள். எலிக்குக் கண்ணில் நீர் வழிந்தது. அப்படியே நெஞ்சையும் நிமிர்த்திக்கொண்டான்.

"நான் ஒண்ணுமே செய்யலை, மேடம். எல்லாம் நீங்க அனுப்பின அந்த ஒரு வரிதான். வேற எவனா இருந்தாலும் அதை அப்படியே எடுத்துக்கிட்டிருப்பான். நான் உள்ள பூந்து அர்த்தத்தைப் பிடிச்சுட்டேன்."

"எந்த வரி?" என்று அம்மாள் நெற்றியைச் சுருக்கினார்.

எலி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், ஹார்டுவேர் கடை பொன்சியானோ வியர்த்து வழியக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, கையிலிருந்த டப்பாவை கேட் வாசலில் டொக்கென்று வைத்தார்.

"யோவ் எலி, காலையில எட்டு மணியிலேருந்து உனக்காகக் கடையில காத்துக்கிட்டிருக்கேன்! கேட்டை மறிச்சு யாரும் வண்டி நிறுத்தாம இருக்க இந்தத் தரையில வெள்ளைக் கோடு அடிக்கணும், நீ வந்து இடம் காட்டுவேன்னு அம்மா நேத்தே கையால ஜாடை காட்டிட்டுப் போனாங்க. ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாத எனக்கே புரிஞ்சிருச்சு, எங்கய்யா அடிக்கட்டும் கோட்டை?"